பழைய ஐ5 சிஸ்டத்தில் மறுபடியும் தன்னார்வக் கணக்கீடு

குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் 2003 வாக்கில் கல்லூரி லேபில் செட்டி அட் ஹோம் ஓடவிட்டவர். வேற்றுக் கிரகவாசிகளின் சிக்னலைத் தேடும் கணக்கை, ஊர் ஊராக இருக்கும் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில் போட வைத்த திட்டம் அது. திரையில் கலர் கலராக அலை ஓடும் அந்த ஸ்கிரீன் சேவர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறதாம். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபிறகு விட்டுப்போயிற்று. இப்போது வீட்டில் 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. இன்டெல் ஐ5-2400 பிராசஸர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. மகள் லேப்டாப்புக்கு மாறிவிட்டதால் அதைத் தொடுவாரில்லை. “செட்டி இன்னும் இருக்கிறதா? இந்தப் பழைய சிஸ்டத்தால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? கரண்ட் பில் எகிறுமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?” என்று கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டி இப்போது புது வேலை கொடுப்பதில்லை. ஆனால் அதே முறையில் நடக்கும் வேறு நல்ல திட்டங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு உங்கள் சிஸ்டம் போதும். பில்லைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, கணக்கு கீழே போட்டிருக்கிறேன். வெயில்தான் உண்மையான பிரச்சினை. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் வாலாஜாவில் என் வீட்டு மாடி அறையில் ஒரு சிஸ்டத்தையே அதற்குப் பறிகொடுத்திருக்கிறேன்.

செட்டி என்ன ஆனது என்று கேட்டீர்கள் அல்லவா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே 17-ல் தொடங்கிய திட்டம் அது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்ததைத் துண்டு துண்டாக வெட்டி வீடுகளுக்கு அனுப்பினார்கள். 50 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 2020 மார்ச் 31-ல் புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் டிசம்பர் 1-ல் அரசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. நிறையப் பேர் கதை அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள், அப்படி இல்லை. வீட்டுக் கணினிகள் பொறுக்கி எடுத்த சிக்னல்கள் சுமார் 1200 கோடி. அதைச் சலித்துச் சலித்து, திரும்பப் பார்க்கத் தகுந்தவை என்று 100 அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சீனாவில் இருக்கும் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியை அந்த இடங்களை நோக்கித் திருப்பி மறுபடி கேட்டுப் பார்க்கிறார்கள். 2025-ல் இதைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வந்துவிட்டன. நீங்கள் லேபில் ஓட்டிய 2003 என்பது, ஊர் பேர் தெரியாதவர்கள் வீட்டுக் கணினியை வைத்து உருப்படியான அறிவியல் செய்ய முடியும் என்று நிரூபணமான காலம். அதைப் பார்த்துத்தான் மற்ற திட்டங்கள் எல்லாம் வந்தன.

செட்டியை நடத்திய டேவிட் ஆண்டர்சன்தான் எல்லாத் திட்டத்துக்கும் பொதுவாக ஒரு மென்பொருள் வேண்டும் என்று 2002-லிருந்து பாயிங்க்கை (BOINC) உருவாக்கினார். 2005 கடைசியில் பழைய செட்டி மென்பொருளை நிறுத்தி, எல்லோரையும் அதற்கே மாற்றிவிட்டார்கள். நீங்கள் இப்போது போட வேண்டியதும் அந்த பாயிங்க்தான். இலவசம். யாராவது பணம் கேட்டாலோ, ஓட்டினால் பணம் தருகிறோம் என்றாலோ அது வேறு ஏதோ வியாபாரம், கிட்டே போகாதீர்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று குடியாத்தத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். ஏஜெண்டு இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார். அதை வீட்டுக்கு எடுத்துவந்து, உலை கொதிக்கிற நேரத்திலும் பிள்ளை தூங்குகிற நேரத்திலும் சுற்றி, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போடுவார். பாயிங்க்கும் அப்படித்தான். சர்வர் ஒரு பொட்டலம் கணக்கை அனுப்பும், அதற்கு ஒரு கெடு இருக்கும், உங்கள் சிஸ்டம் சும்மா இருக்கும் நேரத்தில் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். ஒரே ஒரு வித்தியாசம்: வழக்கமாக ஒரே பொட்டலத்தை இரண்டு வீட்டுக்குக் கொடுத்து, வருகிற இரண்டு விடையையும் ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் மூன்றாவது வீட்டுக்குப் போகும். நாள்பட தப்பே செய்யாத சிஸ்டம் என்று தெரிந்துவிட்டால், சில திட்டங்கள் அந்த சிஸ்டத்துக்கு மட்டும் ஒற்றையாகவே கொடுத்து நம்பும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. வேகமாகச் சுற்றிப் பாதியைக் கழிவாகக் கொடுக்கும் கையைவிட, மெதுவாகச் சுற்றினாலும் கட்டு முழுதாகத் தேறுகிற கைக்குத்தான் மரியாதை. பழைய சிஸ்டத்திடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: விடை தப்பக் கூடாது, கெடு தவறக் கூடாது. ஐ5-2400 இந்த இரண்டையும் செய்யும். இன்றைய புது பிராசஸர் ஒன்று ஒரு யூனிட் கரண்டில் அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும் என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் இதை 24 மணி நேரமும் முழு மூச்சில் ஓட்டாதீர்கள், அளவாக ஓட்டுங்கள் என்கிறேன்.

அளவாக ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே மிகப் பெரியது கிடைத்தது, 2,48,62,048 இலக்கம். கிம்ப்ஸ் என்னும் தன்னார்வத் திட்டத்தில் கிடைத்தது அது. கண்டுபிடித்த கணினியில் இருந்தது ஒரு சாதாரண ஐ5, அதுவும் கரண்ட் குறைவாக எடுக்கும் ரகம். 2010-ல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தின் முதல் பல்சார் கண்டுபிடிப்பு வந்தது. நொடிக்கு 41 தடவை சுற்றும் நட்சத்திரம் அது. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவர் கணினியிலும் அந்தப் பொட்டலம் ஓடியிருந்தது. இரண்டும் பொருந்தியதால்தான் அது உறுதியானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

சரி, சிஸ்டத்துக்கு வருவோம். ஆன் செய்வதற்கு முன்னால் கேபினெட்டைத் திறங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு பத்து நொடி அமுக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். நடுவில் வட்டமாக ஒரு ஃபேன், அதற்குக் கீழே அலுமினியத் தகடுகள் சூரியகாந்திப் பூ மாதிரி விரிந்திருக்கும். அந்தத் தகடுகளுக்கு நடுவில்தான் இத்தனை வருடத் தூசியும் இருக்கும். தூள் தூளாக இருக்காது. ஈரமும் சூடும் பட்டுப் பட்டு, பழைய தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு படலமாகப் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றாமல் மேலே மட்டும் ஊதினால் அது அசையாது. ஃபேன் என்னவோ சுற்றும், காற்று மட்டும் தகட்டுக்குள் போகாது.

இந்த ஃபேனும் தகடுகளும் சேர்ந்ததுதான் கூலர். அதை மதர்போர்டோடு பிடித்திருப்பது நான்கு கறுப்புக் கால்கள். ஒவ்வொன்றின் தலையையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடும். வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். சிஸ்டத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கழற்றினால் உள்ளே காய்ந்த பேஸ்ட் இளகி லேசாக வரும். கூலரின் அடியில் பாருங்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் பொரிந்து போயிருக்கும். அதுதான் தெர்மல் பேஸ்ட், பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துவது. ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, பிராசஸரின் மேலும் கூலரின் அடியிலும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புது பேஸ்டைத் துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். தோசை மாவு மாதிரி இழுத்துவிட வேண்டாம், கூலர் அமுங்கும்போது தானாகப் பரவும். திரும்பப் பொருத்தும்போது கால்களின் தலையைப் பழையபடி திருப்பி வைத்து, எதிரெதிர்க் கால்களாக அமுக்குங்கள். நான்கும் ‘டக்’ என்று விழுந்ததா என்று போர்டுக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். ஒரு கால் சரியாக விழாமல் இருந்தால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சூடு தாறுமாறாக ஏறும். புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகக் கோட்டை விடுகிற இடம் இது.

ப்ளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். மதர்போர்டில் சின்ன டப்பா டப்பாவாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பலரையும் ஒரு நாள் முழுக்க அலையவிடும். போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. வருடக்கணக்காகக் கிடந்த சிஸ்டத்தில் அது செத்திருக்கும். அதனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கணினி முடிவு கட்டிவிடும், பாயிங்க் எதனோடும் பேசாது. நெட் நன்றாக வருகிறது, பாயிங்க் மட்டும் கனெக்ட் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது “கடிகாரம் என்ன காட்டுகிறது?” என்றுதான். பேட்டரியை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

அதே மாதிரி, பழைய சிடியிலோ ஹார்ட் டிஸ்கிலோ கிடக்கும் பாயிங்க் இன்ஸ்டாலரைத் தேடிப் போட வேண்டாம். இணையத்தில் பெருவாரியான தளங்கள் நம்பியிருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதி ஆனது. அதற்கு முந்தைய பாயிங்க் பதிப்புகள் பல திட்டங்களோடு தொடர்பு கொள்ள முடியாமல் நின்றுவிட்டன. இன்றைய பதிப்பைத்தான் போட வேண்டும்.

விண்டோஸ் 7-ஐப் பற்றி என் கருத்து கறாரானது: ராத்திரி முழுக்க நெட்டில் இருக்கப்போகும் சிஸ்டத்தில் அது வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. படங்கள், மகளின் பழைய பாடங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராமில் தடங்கலில்லாமல் ஓடும். அதன் சாஃப்ட்வேர் மேனேஜரில் பாயிங்க் என்று தேடினால் ஒரு சொடுக்கில் வந்துவிடும். பிராசஸர் 64 பிட் என்பதால் சிக்கல் இல்லை. (இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது 32 பிட் பென்டியம் 4 இருந்தால், அதை ஓய்வெடுக்க விடுங்கள். கரண்டை நிறையக் குடிக்கும், வேலை கொஞ்சம்தான் செய்யும், அதற்கு வேலை தரும் திட்டங்களும் அரிதாகிவிட்டன.)

இனி வெயில். வேலூரை வெயிலூர் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. ஆனால் பிராசஸர் அறைக் காற்றை வைத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மார்கழியில் அறை 24 டிகிரி, பிராசஸர் 60 டிகிரி என்றால், மே மாதம் அறை 38 ஆகும்போது அதே வேலைக்கு பிராசஸர் 74-க்கு மேல் போகும். பிராசஸராவது தாங்கும், ரொம்பச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தாங்காதவை சுற்றியிருக்கும் கெப்பாசிட்டரும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்கும்தான்.

2016 மே மாதம் எனக்கு நடந்தது இதுதான். மாடியில் ஷீட் போட்ட அறை. பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் நான்கு கோரும் முழுசாக, பகல் ராத்திரி பார்க்காமல் ஓடவிட்டிருந்தேன். சிஸ்டம் ஹேங் ஆகவில்லை, சத்தம் போடவில்லை, எல்லாம் நன்றாகத்தான் போவது போலத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துத் திட்டத்தின் தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தால், அனுப்பிய விடைகள் வரிசையாக ‘இன்வேலிட்’. அத்தனையும் கழிவு. எனக்காக வேறு யாரோ அந்தப் பொட்டலங்களை மறுபடி போட வேண்டியிருந்தது, அதுதான் மனதை அறுத்தது. கேபினெட்டைத் திறந்தபோது பிராசஸருக்குப் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அந்த போர்டு அதோடு போயிற்று. சூடு ஏறின சிஸ்டம் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, நிற்காமல் தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் மோசம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதனால் நம்ம பக்கத்துக்கு என் ஏற்பாடு இப்படி. சிஸ்டத்தைக் கீழ்த்தளத்தில், தரைக்கு அரை அடி மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கட்டிலுக்குக் கீழேயோ மூடின மேசை அறைக்குள்ளேயோ வேண்டாம். நான்கு கோரில் இரண்டை மட்டும் கொடுங்கள். பிராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போவை பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) அணைத்துவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தாலே டர்போ நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு அதைவிட நன்றாகவே குறையும். பிராசஸரின் வெப்பநிலை 75 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் ஒரு கோராகக் குறையுங்கள். ராத்திரி ஓட்டுவதாக இருந்தால், கோடையில் 10 மணிக்குத் தொடங்காதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், கையைச் சுவரில் வைத்தாலே தெரியும். 1 மணியிலிருந்து 7 மணி வரைதான் அறை உண்மையிலேயே ஆறியிருக்கும். கத்திரி நாட்களில் முழுக்க நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன் பாயிங்க்கில் ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ (புது வேலை வேண்டாம்) கொடுத்து, கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு நிறுத்தினால் யாருக்கும் காத்திருப்பு இல்லை. ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் நமக்கு இதற்கான பருவம்.

பில்லுக்கு வருகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு ஐ5-2400 சிஸ்டத்தை, மானிட்டர் இல்லாமல், பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 42 வாட், இரண்டு கோர் ஓடும்போது 70, நான்கும் ஓடும்போது 98. நம் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் 60 நாளுக்குக் கணக்குப் போடுங்கள். 98 வாட்டை 24 மணி நேரமும் ஓட்டினால் 141 யூனிட். அதையே இரண்டு கோர், ராத்திரி 8 மணி நேரம் என்று வைத்தால் 34 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் ஈபி கணக்கில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது என்றால் 34 பெரிதாக உறைக்காது, 141 உறைக்கும். நம் கட்டணம் தட்டுத் தட்டாக ஏறுவது, ஏற்கெனவே 480, 490 என்று ஓடும் வீடாக இருந்தால் 500-ஐத் தாண்டவிடாதீர்கள். அந்த வீடுகள் கோடையில் ஏசி ஓடும் மாதங்களை விட்டுவிட்டு மழைக்காலத்தில் மட்டும் ஓட்டுவது நல்லது. கடைசி நான்கு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பில் எல்லோருக்கும் பொது. வேலை செய்யும் ஆபீஸிலோ பள்ளியிலோ சொல்லாமல் போடுவது கூடவே கூடாது.

எந்தத் திட்டம்? 4 ஜிபி ராம் என்பதால் சிலது தானாகக் கழிந்துவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொசெட்டா அட் ஹோம் எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம். அதை நடத்தும் ஆய்வகத்தின் தலைவர் டேவிட் பேக்கருக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அதன் பொட்டலங்கள் ராமை நிறையத் தின்னும், கெடுவும் மூன்றே நாள். உங்கள் சிஸ்டத்துக்கு அது வேண்டாம். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் நடத்தும் எல்ஹெச்சி அட் ஹோமில் பல வேலைகளுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸும் கூடுதல் ராமும் தேவை. ஆக்ஸ்ஃபோர்டு தொடங்கிய கிளைமேட் பிரெடிக்ஷனில் ஒரே பொட்டலம் நாள்கணக்கில் ஓடும், கரண்ட் கட் ஆகும் வீட்டுக்குத் தோதில்லை. ஃபோல்டிங் அட் ஹோம் இப்போது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை நம்பியது. உங்கள் ஐ5-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்த வேலைக்கு ஆகாது, அதற்காகக் கார்டு வாங்கவும் வேண்டாம். கிம்ப்ஸ் பிராசஸரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சூடாக்கும், ஒரு எண்ணைச் சோதிக்கவே உங்கள் சிஸ்டத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். அதன் பிரைம்95 மென்பொருளை வேறு ஒரு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சுத்தம் செய்து முடித்ததும் ஒரு மணி நேரம் ‘டார்ச்சர் டெஸ்ட்’ ஓடவிட்டால், சிஸ்டம் தப்புக் கணக்குப் போடுகிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. முதலாவது வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட். 2004-ல் ஐபிஎம் தொடங்கி, 2021-ல் டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதில் ‘மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ்’ என்று ஒன்று 2013-லிருந்து ஓடுகிறது. புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் மரபணு அடையாளங்கள் எந்தெந்தக் கூட்டாக வருகின்றன என்று தேடும் வேலை. நுரையீரல், சினைப்பை, சார்கோமா என்று வரிசையாகப் போயிருக்கிறார்கள். ராம் குறைவாகவே எடுக்கும், பொட்டலம் சில மணி நேரத்தில் முடியும். வேலூர்க்காரர்களுக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனிப் பிரியம் வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு காலை நேரம் நடந்தவர்களுக்குத் தெரியும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பையும் ரிப்போர்ட்டுமாக ரயிலிறங்கி வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று. என் கணினி தூங்குகிற ராத்திரியில் அந்த நோயைப் பற்றிய ஒரு கணக்கைப் போடட்டும் என்று நான் இதில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது ஆஸ்டராய்ட்ஸ் அட் ஹோம். பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தினுடையது. சிறுகோள் ஒன்று சுழலும்போது அதன் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து, அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, என்ன உருவம் என்று கணக்கிடுவார்கள். பழைய பிராசஸருக்கென்றே அளந்து வைத்த மாதிரியான வேலை. நம் ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி, காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அங்கே 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். பழைய வடாற்காடு மலையிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்த ஒன்று வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொன்றின் உருவத்தைக் குடியாத்தத்தில் ஒரு சிஸ்டம் கணக்குப் போடுவது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

இரண்டிலும் ஒரே மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். ஒன்றில் வேலை வராத நாளில் மற்றொன்று வரும். அப்படி வராத நாட்கள் இருக்கும், அதற்காகப் பத்துத் திட்டத்தில் சேர வேண்டாம்.

செட்டிங்கில் நான்கைந்துதான் முக்கியம். ‘கோர்களில் எத்தனை சதவீதம்’ என்பதில் 50 வையுங்கள், ‘சிபியு நேரத்தில் எத்தனை சதவீதம்’ என்பதை 100-லேயே விடுங்கள். இரண்டாவதைக் குறைத்தால் பிராசஸர் நொடிக்கு நொடி ஓடி ஓடி நிற்கும், சூடும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட வேண்டிய மணி நேரத்தைக் குறித்துவிடுங்கள். வேலை இருப்பை அரை நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆசைப்பட்டு ஐந்து நாள் பொட்டலத்தை இறக்கி வைத்தால், 8 மணி நேரம் மட்டும் ஓடும் சிஸ்டத்தில் கெடு தவறிவிடும். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், பாயிங்க் வேலையின் நடுநடுவே சேமித்துக்கொள்ளும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். மாதாந்திரப் பராமரிப்புக்கு லைன் நிறுத்தும் நாளில் சிஸ்டத்தை இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், அன்று அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் வேண்டும்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் கிடக்கிறது, அதையும் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே கோரில், ஃபேன் சுத்தமாக இருந்தால் சரி. பேட்டரி கொஞ்சமாவது உப்பியிருந்தால் வேண்டவே வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓட்டும் பாயிங்க்கும் உண்டு, அது சார்ஜில் இருக்கும்போது, பேட்டரி 90 சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகே வேலையைத் தொடங்கும். பேட்டரி 40 டிகிரி தொட்டால் நிறுத்திக்கொள்ளும். நம்ம ஊரில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அது பெரும்பாலும் நின்றேதான் இருக்கும்.

தொடங்கிய முதல் சில நாள், தேறிய வேலைக்குத் திட்டம் தரும் மதிப்பெண் பூஜ்யமாகவே இருக்கலாம். உங்கள் விடை போய்ச் சேர்ந்துவிட்டது, ஜோடி வீட்டின் விடைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பத்து விடை ‘வேலிட்’ என்று வரும்வரை எதையும் மாற்றாமல் விடுங்கள். நடுவில் ‘இன்வேலிட்’ ஒன்று வந்தால் சூட்டைப் பாருங்கள், சூடு சரியாக இருந்தால் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிட்டு ராமைப் பாருங்கள். பத்தும் தேறிவிட்டது, அறையும் ஆறிவிட்டது என்றால், ஐப்பசி மழை தொடங்கினதும் மூன்றாவது கோரையும் திறந்துவிடுங்கள்.